வெண்ணெய்ப் பின்னணி

சித்திக்கு அருவருப்பு என்று ஒன்று கிடையாது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒரு லேபில் பொய்ப்பல் செய்வது அவள் வேலை. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பிவிடுவார்கள். எச்சில், சில நேரம் ரத்தம், சில நேரம் முந்தின வேளைச் சாப்பாட்டின் துணுக்கு, எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். சித்தி குழாயடியில் நின்று, காய்கறி கழுவுகிற முகத்தோடு அதைக் கழுவுவாள். பிறகு பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றித் தாடையை வார்ப்பாள். அவசரமென்றால் வீட்டுக்கே தூக்கி வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு மெழுகில் பல் நடுவாள்.

"இன்னிக்கு நம்மகூட யாரு சாப்பிடுறாங்க?" என்பார் சித்தப்பா.

"மேல்தாடை மட்டும்தான். கீழ்தாடை நாளைக்கு வருது."

"அப்ப மெல்லுற மாதிரி எதுவும் வைக்காதே."

சித்தப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நான் சித்தியின் அக்கா மகள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறார்களே, யாரும் படிக்காத அந்தத் தாள், அதை இரண்டு மொழிகளில் எழுதுவது என் வேலை. அலுவலகம் பக்கம் என்பதால் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். வாந்தி, வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு என்று நாள் முழுக்க எழுதிவிட்டு வருகிற எனக்கே அந்தத் தாடைகளோடு சாப்பிடப் பழக மாதங்கள் ஆயின.

பறவைகளிடம் அவளைக் கொண்டுபோனதும் பல்தான். பொய்ப்பல்லின் நிறம் பக்கத்துப் பல்லோடு பொருந்த வேண்டும். அதற்காக லேபில் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். புதியது வந்ததும் பழையதைச் சித்தி விலைக்கு எடுத்துக்கொண்டாள். ஜன்னலில் வந்து உட்காரும் குருவியில் தொடங்கி, கை வலிக்கும் அளவுக்குக் கனமான ஒரு ஜூம் லென்ஸில் வந்து நின்றது. தொழில் பழக்கம் ஒன்றும் கூடவே வந்தது. லேபில் பல்லை நெருக்கத்தில் எடுத்ததும், கடைசியாக முழு முகத்தை ஒரு படம் எடுப்பார்கள். "பல்லை மட்டும் பார்த்துச் செஞ்சா பல்லு நல்லா வரும், முகம் கெட்டுப்போகும்" என்பாள். பறவையிலும் அப்படியே. நெருக்கப் படங்கள் முடிந்ததும் ஜூமைப் பின்னுக்கு இழுத்து, லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி, பின்னால் உள்ள சுவர்வரை எல்லாம் தெளிவாக விழும்படி ஒன்று எடுத்துவைப்பாள். விலாச ஃபோட்டோ என்று அதற்குப் பெயர். எடுப்பாளே தவிர ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

ஊரில் பறவைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு குழு இருந்தது. அதன் தலைவர் ஒரு டைல்ஸ் கடை முதலாளி. அவர் வாயிலிருந்து வரும் மிக உயர்ந்த பாராட்டு "வெண்ணெய்!" என்பது. அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயரே வெண்ணெய் சார்.

பெரிய லென்ஸோடு சின்னப் பறவையின் கிட்டத்தில் போனால், தெளிவாக விழுவது ஒரு விரல் தடிமன்தான். அந்தத் தடிமனுக்குள் பறவையின் கண் விழுந்தால் படம். அலகு விழுந்து கண் தப்பிவிட்டால் குப்பை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள இலை, கம்பி, சுவர் எல்லாம் கரைந்து ஒரே நிறக் குழைவாகிவிடும். வெண்ணெய் என்று அவர் சொன்னது அந்தக் குழைவைத்தான்.

"பின்னாடி எதுவும் தெரியக் கூடாது மேடம். பார்க்கிறவன் கண்ணு வேற எங்கயும் போகக் கூடாது. நேரா நெஞ்சுல போய்க் குத்தணும்" என்பார். சித்தியின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். "பறவை இருக்கு. ஃபீலிங் இல்ல."

கூட இருக்கிற ஒருவர் உடனே, "மேடத்தோட பறவைக்கெல்லாம் மூக்குதான் தெளிவு. பல்லு வேலையில்ல? வாயைத்தான் முதல்ல பார்ப்பாங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சித்தியும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து, கண் தப்பிப்போன படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழிப்பாள். குழுவின் கண்காட்சி வருஷா வருஷம் நூலகத்து மண்டபத்தில் நடக்கும். அவள் படம் ஒருமுறைகூடச் சுவரேறியதில்லை. பல் விஷயத்தில் யாரிடமும் எதையும் கேட்டு நிற்காதவள், இந்த ஒன்றில் மட்டும் அந்த ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

ஒரு சனிக்கிழமை வெண்ணெய் சாரிடமிருந்து ஃபோன் வந்தது. "மேடம், ஒரு குடும்பம் கிடைச்சிருக்கு. கொண்டைக்குருவி. காலையில வந்துடுங்க, எல்லாம் ரெடியா இருக்கும்."

ரெடி என்ற சொல் அன்று எங்கள் யாருக்கும் உறுத்தவில்லை.

மறுநாள் சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். "அப்படி ஒரு சமத்துடீ! மூணு குஞ்சு. வரிசையா ஒரு குச்சியில. அசையவே இல்ல. அம்மா வந்தா மட்டும் வாயைத் திறக்குதுங்க. எத்தனை எடுத்தேன் தெரியுமா? ஒண்ணுகூடத் தப்பல!"

பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தின் பின்புறம் அது. ஐந்தாறு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு கேமரா முக்காலிகளைப் போட்டு நின்றிருக்கிறார்கள். இவளுக்கு நடுவில் இடம் விட்டார்களாம். அதை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

படம் அழகாகத்தான் இருந்தது. அதை மறுப்பதற்கில்லை. பச்சை வெண்ணெயின் மேல் ஒரு குச்சி. குச்சியில் மூன்று குஞ்சுகள், தொண்டைவரை தெரியும்படி சிவந்த வாய்கள். பக்கத்தில் புழுவோடு குனியும் தாய். நான்கு பறவைகளின் கண்களும் ஊசி குத்தினாற்போலத் தெளிவு. ஒவ்வொரு கண்ணிலும் ஒரு பொட்டு வானம். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வந்து கும்பிட்டாலே கலங்கிவிடுகிற சித்தப்பா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏங்க, அழறீங்களா?"

"தூசி."

"வீட்டுக்குள்ளயா?"

"நீ ஒழுங்கா பெருக்கினா ஏன் தூசி இருக்கப் போகுது?"

அந்தப் படம் கண்காட்சிக்குத் தேர்வானது. அதுவும் வாசல் சுவருக்கு, உள்ளே வருகிறவர் எதிரே ஆளுயரத்தில் மாட்டுகிற இடத்துக்கு. சித்தப்பா தன் கம்பெனி முழுக்கச் சொல்லிவைத்தார். எதிர்வீடு, மேல்வீடு, தெருமுனை இஸ்திரிக் கடை, யாரையும் விடவில்லை. வெண்ணெய் சார் என்னையும் கூப்பிட்டார். இரண்டு மொழி தெரிந்த பெண் என்று கேள்விப்பட்டிருக்கிறார்.

"தலைப்பு 'தாய்மை'. கீழ நாலு வரி, ரெண்டு மொழியிலயும். படிச்சா அழணும்மா."

எனக்கு அப்படி எழுத வராது. மருந்துத் தாள் எழுதிப் பழகிய கை; எது, எங்கே, எவ்வளவு என்று தெரியாமல் ஒரு வரி நகராது. என்ன செடி, எந்த இடம் என்றாவது தெரிந்தால் அதை வைத்து எழுதலாம் என்று சித்தியிடம் கேட்டேன். அது வேறொரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் கையெல்லாம் பிளாஸ்டர்.

"செடியை யாரு பார்த்தா? லென்ஸ்லேர்ந்து கண்ணை எடுத்தாத்தானே. விலாச ஃபோட்டோவுல இருக்கும், திறந்து பாரு."

திறந்தேன்.

முதலில் என்ன பார்க்கிறேன் என்றே பிடிபடவில்லை. நெருக்கப் படத்தில் மரக்கிளை போலிருந்த குச்சி, எந்த மரத்திலும் இல்லை. ஓர் இரும்பு ஸ்டாண்டில் கம்பியால் கட்டியிருந்தது. அதன் பின்னால் ஒரு புதர். புதரின் முன்பாதியைக் கத்தரித்துத் தள்ளியிருந்தார்கள். வெட்டிய கிளைகள் குச்சிக்கு நேர் பின்னால் குவிந்து கிடந்தன. பச்சை வெண்ணெய் என்று நாங்கள் கொண்டாடியது அந்தக் குவியல். புதருக்குள் ஒரு கூடு, கிண்ணம் கவிழப்போகிறது போலச் சாய்ந்து, காலியாக இருந்தது. குச்சிக்குக் கீழே சேறு. சேற்றில் பூட்ஸ் தடங்கள். ஒரு தடத்துக்குள், இறகு பாதியே முளைத்து, இளஞ்சிவப்புத் தோல் தெரிய, நாலாவது குஞ்சு. எறும்புகள் வரிசையாக அதன் கண்வரை போய்க்கொண்டிருந்தன.

துவாரத்தைச் சுருக்கி எடுத்த படம் அல்லவா. ஒவ்வொரு எறும்பும் தெளிவாக இருந்தது.

"சித்தி" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். நிறுத்துவாள் என்று நினைத்தேன். எறும்பு வரைக்கும் போனாள்.

"சமத்துன்னு சொன்னேன்ல" என்றாள். படத்தைக் குச்சிக்கு நகர்த்தி, "பயந்தா அசையாதுங்க" என்றாள்.

பிறகு குழாயைத் திறந்து கை கழுவினாள். பிளாஸ்டர் போன பிறகும் கழுவினாள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் யாருடைய தாடையும் இல்லை. ஆனாலும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துகொண்டாள். அவள் அப்படி எழுந்ததை நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்" என்றாள். "இத்தனை வருஷமா ஒரு கண்ணு பிடிக்கத் தடவிக்கிட்டிருக்கேன். ஒரு விரல் தடிமனுக்குள்ள நாலு கண்ணு எப்படி வரும்? ஸ்டூடியோவுல ஒரு குடும்பத்தை நிக்க வச்சாக்கூட ஒருத்தர் முன்ன பின்ன நிப்பாங்க. இது தானா உக்கார்ந்த வரிசை இல்ல. யாரோ அளந்து வச்சது. எல்லாம் தெளிவா விழுந்ததும் என் கை தேறிடுச்சுன்னு நினைச்சேன் பாரு. தூ."

மறுநாள் டைல்ஸ் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வெண்ணெய் சார் குளிர்பானம் வரவழைத்தார். சித்தி அதைத் தொடவில்லை. விலாச ஃபோட்டோவைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. முகம் மாறவே இல்லை. ஒரு பழுதான டைலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதை ஏன் எடுத்தீங்க மேடம்? பின்னணி ஒரே குப்பையா இருக்கு."

"குப்பையை யாரு போட்டது சார்?"

"கூட்டுக்குள்ள இருந்தா எப்படி எடுக்கிறது? முன்னாடி இலை, பின்னாடி இலை, ஒரு குஞ்சு மேல ஒரு குஞ்சு. படம் முடிஞ்சதும் திரும்ப வச்சுட்டோமே. அம்மா வந்து தீனி கொடுக்குதே, நீங்களே பார்த்தீங்க."

"நாலாவது?"

"அது விழுந்துடுச்சு. இயற்கையில நாலுல ரெண்டு எப்படியும் போயிடும்."

"இயற்கை பூட்ஸ் போட்டுக்கிட்டா வருது?"

அவர் சிரித்தார். கோபமே படவில்லை. "மேடம், அந்தப் படத்தைப் பார்த்து ஆயிரம் பேர் பறவையை நேசிக்கப் போறாங்க. அதைப் பாருங்க. டெப்த், அதான் அந்தத் தெளிவுத் தடிமன், கம்மியா வச்சாதான் ஃபீலிங்கு. எல்லாத்தையும் தெளிவா பார்க்கணும்னா யாருக்கும் அழுகை வராது, அருவருப்புதான் வரும்."

"வரட்டுமே" என்றாள் சித்தி. "என் படத்தை எடுத்துடுங்க."

"உங்க இஷ்டம்."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று வழியெல்லாம் எனக்கு இடித்தது.

வீட்டில்தான் சண்டை. சித்தப்பா இஸ்திரிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "குச்சியை நட்டது அவன். படம் எடுத்தது நீ. உனக்கு என்ன வந்துச்சு?"

"நான் நடுவுல நின்னேங்க. இடம் விட்டாங்கன்னு பெருமையா நின்னேன்."

"இத்தனை வருஷம் கழிச்சு வாசல் சுவர் கிடைச்சிருக்கு. ஊரையே கூப்பிட்டிருக்கேன். இனிமே கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம். கிடைக்காது."

கூப்பிட்ட ஆட்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று சித்தப்பா கண்காட்சிக்குப் போகத்தான் வேண்டும் என்றார். சித்தியும் கிளம்பினாள். சுவர் காலியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவள் வந்தாள் என்று நினைக்கிறேன்.

காலியாக இல்லை. அதே குச்சி, அதே மூன்று வாய்கள், அதே வெண்ணெய். ஒரு கணம் சித்தியின் படம் என்றே நினைத்தேன். சித்தி கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "தாயோட வால் என்னுதுல முழுசா இருக்கும். இதுல நுனி வெட்டு" என்றாள். கீழே வெண்ணெய் சாரின் பெயர். தோளோடு தோள் நின்று எடுத்தவர்கள்தானே. எல்லோரிடமும் அந்தப் படம் இருந்தது. சித்தி விலகியதால் சுவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. நான் எழுதிக் கொடுக்காத நாலு வரியும் இருந்தது. தாய்மை, தியாகம், கருணை, இன்னும் என்னென்னவோ. இரண்டாவது மொழியில் எழுதியிருந்தது அதைவிடக் கேவலம்.

படத்தின் முன் கூட்டம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண், கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். விசும்பலோடு வந்த உண்மையான அழுகை. சித்தியைத் திரும்பிப் பார்த்து, "எப்படிப் பார்த்துக்குது பாருங்கக்கா" என்றாள்.

சித்தி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரிந்தது. தடுக்க வேண்டும் என்றும் தோன்றியது. ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டேன்.

"அந்தக் குஞ்சுங்க அங்க உக்காரலம்மா" என்றாள் சித்தி, பல்லைப் பற்றிச் சொல்லும் குரலில். "கூட்டிலிருந்து எடுத்து, ஸ்டாண்டுல கட்டுன குச்சியில வச்சது. பயத்துல அசையாம இருக்குதுங்க. நாலாவது ஒண்ணு கீழ செத்துக் கிடந்துச்சு. எறும்பு மொய்ச்சிருந்துச்சு. என்கிட்ட ஃபோட்டோ இருக்கு."

அந்தப் பெண் ஓர் அடி பின்னால் போனாள். குழந்தையின் தலையைக் கையால் மூடினாள். "சீ" என்றாள். "என்ன மாதிரி பொம்பளைங்க நீங்க! ஒரு நல்லதைப் பார்த்தா நல்லதா பேசத் தெரியாதா?"

சீ என்ற அந்தச் சொல் படத்தின் மேல் போயிருக்க வேண்டியது; சித்தியின் மேல் விழுந்தது. சுற்றி இருந்தவர்களும் சித்தியைத்தான் பார்த்தார்கள், தெருவில் எதையோ மிதித்துவிட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல. எதிர்ப்பக்கம் வெண்ணெய் சார் யாருக்கோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துப் புன்னகைத்தார்.

அதுவரை எங்கள் மேல் கோபமாக ஒதுங்கி நின்ற சித்தப்பா முன்னால் வந்தார். அந்தப் பெண்ணிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அவங்க சொல்றது நிஜம்மா. நானும் இதைப் பார்த்து உங்களை மாதிரியே அழுதவன்தான். அதை நினைச்சாதான் இப்பக் குமட்டுது."

அந்தப் பெண் அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். அங்கே ஒரு மீன்கொத்தி. அதன் பின்னணியும் வெண்ணெய்தான். அந்தச் சுவர் முழுக்கவே வெண்ணெய். ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன கிடக்கிறதோ என்று நினைத்ததும் என்னால் மண்டபத்தில் நிற்க முடியவில்லை.

வெளியே வந்ததும் சித்தப்பா, "கம்பெனி ஆளுங்ககிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டார்.

"மூக்குதான் தெளிவா விழுந்துச்சு, அதான் மாட்டலன்னு சொல்லுங்க" என்றாள் சித்தி.

குழுவிலிருந்து அவளாக விலகினாளா, அவர்கள் விலக்கினார்களா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. ஃபோன் வருவது நின்றது, அவ்வளவுதான். கேமராவைத் தூக்கிப் போட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. ஆனால் வரிசை மாறிவிட்டது. இப்போதெல்லாம் விலாச ஃபோட்டோவைத்தான் முதலில் எடுக்கிறாள். எடுத்து அங்கேயே திறந்து, மூலைக்கு மூலை பார்க்கிறாள். பாதி நாள் அதோடு கேமராவை மூடிவிட்டு வந்துவிடுகிறாள். போன வாரம் மொட்டைமாடித் தொட்டியின் மேல் ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. தொட்டி, குழாய், கொடியில் மேல்வீட்டுக்காரரின் பனியன் எல்லாவற்றையும் சேர்த்து முதலில் ஒன்று எடுத்தாள். பிறகு நெருங்கிப்போய் ஒன்று. வந்து காட்டினாள். அலகு தெளிவாக இருந்தது, கண் தப்பியிருந்தது.

"அசைஞ்சிடுச்சு" என்றாள், நல்ல செய்தி சொல்வதுபோல.

வருஷப் பிறப்புக்கு டைல்ஸ் கடையிலிருந்து காலண்டர் வந்தது. எல்லா வாடிக்கையாளர் வீட்டுக்கும் போயிருக்கும். எப்போதோ குளியலறைக்கு அங்கே டைல்ஸ் வாங்கியிருந்தோம். அட்டையில் அந்தக் குச்சி, அந்த மூன்று வாய்கள். சித்தப்பா அதைக் கிழித்து, பிளாஸ்டர் கழிவு போடுகிற வாளியின் அடியில் விரித்தார். சித்தி ஒரு தாடையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"திருப்பிப் போடுங்க" என்றாள். "அதுங்க மூஞ்சி மேல கொட்ட முடியாது."